எம்மாவு வழியில் ஒரு பாடசாலை



இன்றைய நற்செய்தியில் இரண்டு சீடர்கள் எருசலேமை விட்டு எம்மாவுக்கு நடக்கிறார்கள். நம்பியிருந்ததெல்லாம் இடிந்துபோன நடை அது. வழியில் வந்து சேர்ந்துகொண்ட ஒருவர், என்ன நடந்தது என்று அவர்களிடம் கேட்கிறார். நடந்தது யாருக்கு? அவருக்கேதான். சிலுவையில் அறையப்பட்டவரும் அவர், கல்லறையில் வைக்கப்பட்டவரும் அவர். அவரைவிட அதை அறிந்தவர் யார்? இருந்தும் கேட்கிறார். சீடர்களில் ஒருவரான கிளயோப்பா தன் ஏமாற்றத்தை எல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கிடாமல் கூடவே நடக்கிறார். மறைநூலை விளக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அப்பம் பிட்ட இடத்தைப் பற்றி நாம் நிறையத் தியானித்திருக்கிறோம். ஆண்டவர் காதுகொடுத்து நடந்த அந்த வழியில் இன்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எம்மாவு எங்கே இருந்தது என்பதில் அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. மிகப் பழைய மரபு, எருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் இடையிலுள்ள லாத்ருன் பகுதியைக் காட்டுகிறது. புனித ஜெரோமும் அதையே சொன்னார். அங்கே இம்வாஸ் என்றொரு அரபுக் கிராமம் இருந்தது. 1967 அரபு-இஸ்ரேல் போரில் அதன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. வீடிழப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே லாத்ருனில் திராப்பிஸ்ட் துறவியருக்கு ஒரு மடம் உண்டு. அந்த மடத்துக்குச் சொந்தமான ஒரு மேட்டு நிலத்தை 1970இல் குத்தகைக்கு எடுத்தவர் டொமினிக்கன் சபைத் துறவி அருட்தந்தை புரூனோ ஹுஸ்ஸார். 1911இல் கெய்ரோவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் படிக்கும்போது கிறிஸ்துவைக் கண்டுகொண்டு, 1950இல் குருவானவர். யூதர்களும் பாலஸ்தீன அரபு மக்களும் ஒரே ஊரில் சரிசமமாகக் குடியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. குன்றில் தண்ணீர் இல்லை, நிழலுக்கு மரம் இல்லை. குடும்பங்கள் வந்து சேரவே பல ஆண்டுகள் ஆயின. எசாயா இறைவாக்கினரின் 32ஆம் அதிகாரத்திலிருந்து அந்த ஊருக்குப் பெயர் வைத்தார்கள். எபிரேயத்தில் நெவே ஷாலோம், அரபியில் வாஹத் அஸ்ஸலாம்: சமாதானச் சோலை. யூதர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் அங்கே அயலவர்கள்.

1984இல் அந்த ஊரார் தங்கள் பிள்ளைகளுக்காக ஓர் ஆரம்பப் பாடசாலையைத் தொடங்கினார்கள். இஸ்ரேலில் பொதுவாக யூதப் பிள்ளைகளுக்கு எபிரேயப் பாடசாலை, அரபுப் பிள்ளைகளுக்கு அரபுப் பாடசாலை. வளர்ந்து ஆளாகும்வரை ஒருவரையொருவர் அறியாமலே இருந்துவிடலாம். இந்தக் குன்றிலோ ஒரே வகுப்பறையில் இரண்டு இனத்துப் பிள்ளைகள், இரண்டு இனத்து ஆசிரியர்கள், இரண்டு மொழிகள். நம் கிறிஸ்மசையும் முஸ்லிம்களின் பெருநாளையும் யூதர்களின் ஹனுக்காவையும் சேர்ந்து கொண்டாடினார்கள். காலப்போக்கில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளும் வரத் தொடங்கி, ஊர்ப் பிள்ளைகளைவிட வெளியூர்ப் பிள்ளைகளே அதிகமாகிவிட்டார்கள்.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. அரபுப் பிள்ளைகள் எபிரேயத்தைச் சரளமாகப் பேசிவிடுவார்கள். யூதப் பிள்ளைகளுக்கு அரபு அந்த அளவுக்கு வாயில் வராது. கடையிலும் தொலைக்காட்சியிலும் அலுவலகத்திலும் எந்த மொழி ஆள்கிறதோ, அதுவே விளையாட்டுத் திடலிலும் ஆளும். ஆசிரியர்கள் அதோடு ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். இன்னும் கடினமானது இஸ்ரேல் உருவான 1948. ஒரு பிள்ளையின் வீட்டில் அது விடுதலை பெற்ற ஆண்டு. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பாட்டிக்கோ ஊரையும் வீட்டையும் இழந்த ஆண்டு. இரண்டையும் ஒரே வகுப்பறையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1997 பெப்ரவரியில் லெபனானுக்கு இஸ்ரேலியப் படையினரை ஏற்றிச் சென்ற இரண்டு ஹெலிகொப்டர்கள் மோதி 73 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் இந்த ஊரில் வளர்ந்த யூத இளைஞன். ஊரே அழுதது. தூக்கி வளர்த்த பிள்ளைக்காகப் பாலஸ்தீன அயலவர்களும் அழுதார்கள். ஆனால் அவன் அணிந்திருந்த சீருடைக்கு மரியாதை செய்ய அவர்களால் முடியவில்லை. நினைவுச்சின்னம் வைப்பதா, வைத்தால் என்ன எழுதுவது என்று ஊருக்குள் நீண்டநாள் மனக்கசப்பு. கடைசியில் கூடைப்பந்துத் திடலில், போரில் இறந்த சமாதானத்தின் பிள்ளையாக அவனை நினைவுகூர்ந்தார்கள். எல்லார் மனமும் ஆறவில்லை. ஆனாலும் அந்த ஊர் கலைந்து போகவில்லை. இதைத்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அதே ஊரில் 1979இலேயே அமைதிப் பள்ளி என்றொன்றைத் தொடங்கியிருந்தார்கள். வெளியூர் இளையோரைச் சில நாள்கள் ஒன்றாக வைத்துப் பேசவைக்கும் இடம். யூதர் ஒருவரும் அரபு இனத்தவர் ஒருவரும் சேர்ந்து வழிநடத்துவார்கள். தொடக்கத்தில் சேர்ந்து பழகினாலே போதும், நட்பு தானாக வளரும் என்றே நினைத்தார்கள். அது நிலைக்கவில்லை. வீடு திரும்பியதும் பழைய பயமும் திரும்பிவிடும். ஆகவே நிலம், போர், அதிகாரம் என்று வலிக்கும் இடங்களையே நேராகப் பேசவைக்கத் தொடங்கினார்கள். கோபப்படுவார்கள், அழுவார்கள். அதன் பிறகும் எதிரே இருப்பவன் சொல்வதைக் கேட்டு முடிக்க வேண்டும். தலைவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள் என்று நம்புகிறேன். நாமோ பிள்ளையைத் தலைவராக்க வேண்டுமென்றால் பேச்சுப் போட்டிக்கு அனுப்புகிறோம். மேடையில் முழங்கத் தெரிந்த தலைவர்கள் நம் நாட்டுக்கு எப்போதாவது குறைவாக இருந்தார்களா?

பெற்றோரே, இலங்கையில் நம் பிள்ளைகளும் தனித்தனி மொழிமூலப் பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். சிங்களப் பிள்ளை ஒன்றின் வீட்டில் சாப்பிட்டு, படுத்து எழும்பிய பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர்? மடு மாதாவிடம் ஓகஸ்ட் திருவிழாவுக்கு இரண்டு மொழிக்காரரும் போகிறோம். ஒரே நற்கருணையை உட்கொள்கிறோம். பிறகு அவரவர் கூடாரத்துக்குத் திரும்பிவிடுகிறோம். நம் குடும்பங்களில் காணாமல் போனவர்களின் படங்கள் சுவரில் தொங்குகின்றன. மகனைப் போரில் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரின் வீட்டுச் சுவர்களிலும் படங்கள் தொங்குகின்றன. பிள்ளைகளை அந்தப் படங்களுக்கு முன்னால் கூட்டிப்போகத் துணிவிருக்கிறதா என்பதே என் கேள்வி. நீதி கேட்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள். கேட்கும்போது மற்றவர் வீட்டு அழுகையையும் அறிந்த பிள்ளையாக உங்கள் பிள்ளை வளரட்டும்.

மேற்குக் கரையோரச் சிங்களப் பங்கு ஒன்றின் பங்குத்தந்தையோடு பேசியிருக்கிறேன். பாடசாலை விடுமுறையில் அவர்களுடைய மறைக்கல்விப் பிள்ளைகள் வந்து நம் வீடுகளில் தங்குவார்கள். அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். ஒரு தடவையோடு நிறுத்தப் போவதில்லை, சில ஆண்டுகள் தொடர வேண்டும். அதற்கு முன் வாராவாரம் மறைக்கல்விக்குப் பிறகு ஒரு மணிநேரம் சிங்களம். அங்கே அவர்கள் தமிழ் படிக்கிறார்கள். ஒரு பாயும் ஒரு நேரச் சோறும் கொடுக்கக்கூடிய வீட்டார் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். சிங்களம் தெரியாதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். வரும் பிள்ளைகளுக்குப் பசித்தால் உங்களுக்குத் தெரியும்.