மாதிரிக் காசோலைக்கு மறுநாள்

மலேசியத் தமிழ்ப்பள்ளி வளாகங்களில் பழகிப்போன காட்சி அது: ஆள் அகல மாதிரிக் காசோலை, ஒரு முனையில் ஒய்பி எனப்படும் மக்கள் பிரதிநிதி, மறுமுனையில் பள்ளி வாரியத் தலைவர், நடுவே வெயிலில் கண்ணைச் சுருக்கும் பிள்ளைகள். மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில், ஷிப்டு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சங்கம் அந்த அட்டையைப் பிடிக்கலாமா? தாராளமாகப் பிடிக்கலாம். அது வரிப்பணம், ஒய்பியின் சட்டைப்பையில் இருந்து வந்ததல்ல. சிக்கல் மறுநாள்தான் தொடங்குகிறது. வாங்கிய வாயால் அரசைக் குறை சொல்லலாமா என்ற தயக்கம் அப்போதுதான் வந்து உட்காருகிறது.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1960-இல் வந்த இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், விசாரணையின்றி ஒருவரை இரண்டாண்டு அடைத்துவைத்து, அதைப் புதுப்பித்துக்கொண்டே போக இடம் கொடுத்தது. 2012 வரை அது இருந்தது. 1966 சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு ரத்தானால் சங்கமே இல்லை. 1987 அக்டோபரில், லாலாங் நடவடிக்கை என்ற போலீஸ் வேட்டையில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். சீனக் கல்வி இயக்கத்தின் லிம் போங் செங்கும் சிம் மோ யூவும் அவர்களில் இருவர். சீனப் பள்ளிகளின் நிர்வாகப் பொறுப்பில் சீனக் கல்வித் தகுதி இல்லாதவர்களை அமர்த்தியதை எதிர்த்தவர்கள் அவர்கள். தலைவர்கள் உள்ளே போனார்கள். பள்ளி மணியோ வழக்கம்போல் அடித்தது.

‘சீனர்களிடம் பணம் இருந்தது. பினாங்கில் சுங் லிங் பள்ளி அரசு உதவியை ஏற்றது, ஹான் சியாங் பள்ளி தனித்து நின்றது. தோட்டத்துச் சனங்களுக்கு அந்த வசதி ஏது?’ என்பார்கள். நியாயம்தான். சுதந்திரத்தின்போது 800-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500 சொச்சம். மானியம் நின்றால் முதலில் நனைவது பிள்ளைகளின் புத்தகப்பை. அவர்களை முன்னால் நிறுத்தி வீரம் காட்டப் பெரியவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் வாய்மூடி இருந்ததற்கும் அதே பிள்ளைகள்தான் விலை கொடுக்கிறார்கள்: உரிமையாக வரவேண்டியதை ஆண்டுதோறும் சலுகையாகக் கேட்டு நிற்கவேண்டியிருக்கிறது. எல்லாத் தமிழ்ப்பள்ளிக்கும் முழு உதவி வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்த ஹிண்ட்ராப் என்ற இந்தியர் உரிமை இயக்கம், 2007 நவம்பர் 25-இல் தெருவுக்கு வந்தது. அடுத்த மாதம் அதன் ஐவர் இசாவின்கீழ் அடைக்கப்பட்டார்கள். 2008 தேர்தலில் ஆளுங்கூட்டணி வாங்கிய அடிக்குப் பிறகுதான் தமிழ்ப்பள்ளி ஒதுக்கீடுகள் பெருகின. பணிவைப் பார்த்து வந்த பணம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஆகவே, எதை எந்தப் பணத்தில் நடத்துவது என்பதில்தான் சங்கத்தின் நேர்மை தெரியும். நாற்காலி, அச்சுப்பொறி, சுற்றுலா எல்லாம் மானியத்தில் வரட்டும். மின்கட்டணமும் ஆசிரியரின் பெட்ரோல் செலவும் மட்டும் பெற்றோர் மாதம் போடும் ஐந்து வெள்ளியில் இருந்து போகட்டும். அடுத்த ஆண்டு காசோலை வராவிட்டாலும் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் விளக்கு எரியும்.