வளர்ப்பும் விலையும்
கணினி உதைபந்தாட்டம் எழுப்பும் ஓர் அறவியல் வினா

விளையாட்டு என்பது அன்றாட வாழ்க்கைக்குப் புறம்பானதோர் எல்லைக்குள் நிகழ்வது. அவ்வெல்லைக்குள் செய்யப்படுவனவற்றை அறத்தின் அளவுகோல் கொண்டு அளத்தல் பொருந்தாது என்பது பலர் உடன்படும் கருத்தாகும். ஒல்லாந்து வரலாற்றறிஞர் யொஹான் ஹொய்சிங்கா 1938 இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலில் விளையாட்டினை இத்தகைய தனியுலகமாகவே விளக்க முற்பட்டார். சதுரங்கத்திற் காலாளைப் பலிகொடுப்பவனைக் கொடியவன் என எவருங் கூறுவதில்லை. ஆயின், காலாளுக்குப் பெயரும் வயதும் பிறந்த நாடும் வழங்கி, அவனைப் பயிற்றி வளர்த்துப் பின் ஏலத்தில் விற்கும்படி அமைந்ததோர் ஆட்டத்தைப் பற்றியும் அவ்வாறே கூறலாமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1997 இல் சுவீடன் நாட்டிலே தொடங்கப்பட்ட 'ஹற்றிக்' என்னும் இணையவழி ஆட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதனை ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை. கற்பனைக் கழகமொன்றின் முகாமையாளராக இருந்து அதனை ஆண்டுக்கணக்கில் நடத்துகிறார். நுழைவுச்சீட்டுப் பணமும் அனுசரணையாளர் தரும் பணமும் வரவாகும். வீரர் சம்பளம், மைதானப் பராமரிப்பு, இளையோர் பயிற்சி என்பன செலவாகும். வாரந்தோறும் கணக்கு முடிக்கப்படும். மெய்யுலகில் 112 நாள்கள் கழிய, வீரனுக்கு ஒரு வயது கூடும். இளமையிற் பயிற்சி விரைந்து பலன் தரும். வயது ஏற ஏற அது மந்தமாகும். முப்பதை அண்மித்தவனின் சந்தை மதிப்பு வீழும். ஆகவே, தேர்ந்த முகாமையாளர் பதினேழு, பதினெட்டு வயதினரை மலிவாகப் பெற்று, ஒரே திறனில் நெடுங்காலம் பயிற்றி, விலை உச்சத்தை எட்டும் வேளையில் விற்றுவிடுவார். அவ்விலாபத்தினால் மைதானம் விரியும். மேற்பிரிவில் ஆடத்தக்க அணியும் உருவாகும்.

இவ்வேற்பாட்டில் இளைஞனின் வளர்ச்சியும் கழகத்தின் இலாபமும் ஒரே திசையிற் செல்வனபோலத் தோன்றும். அவன் திறன் பெறுகிறான்; கழகம் பணம் பெறுகிறது. எனினும், அவன் எதற்காக வளர்க்கப்படுகிறான் என வினவுவோமாயின் வேறுபாடு புலனாகும். ஜேர்மன் மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1785 இல் எழுதிய அறவியல் நூலில், மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என வலியுறுத்தினார். விலையுடைய பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புடையதற்கோ ஈடில்லை எனவும் அவர் வேறுபடுத்தினார். 'மாத்திரம்' என்ற சொல் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒருவரையொருவர் பயன்படுத்தாமற் சமூக வாழ்வு இல்லை. மாணவர் ஆசிரியரைப் பயன்படுத்துகின்றனர். நோயாளர் வைத்தியரைப் பயன்படுத்துகின்றனர். பயன்கொள்ளல் குற்றமன்று, பயனுக்கப்பால் அம்மனிதரிடத்து எதனையுங் காணாமையே குற்றமாகும்.

கற்பனை வீரனுக்கு மாண்பு ஏது என்ற மறுப்பு இவ்விடத்து எழும். அம்மறுப்பு வலிமையானதே. அவனுக்கு வலியில்லை, விருப்பமில்லை, விற்கப்படுவதால் அவன் இழப்பது எதுவுமில்லை. ஆயினும் கான்ற் விலங்குகளைப் பற்றிக் கூறிய ஒரு நியாயம் இங்கு துணைபுரியும். விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடமைப்படவில்லை எனக் கருதிய அவரே, அவற்றைக் கொடுமைப்படுத்துபவன் மனிதரிடத்தும் வன்மனத்தன் ஆவான் என எச்சரித்தார். செயலின் கேடு, செய்யப்படும் பொருளை மட்டுமன்றிச் செய்பவனையுஞ் சாரும் என்பது இதன் சாரமாகும். பண்புகள் பழக்கத்தினாலேயே உருவாகின்றன என்ற அரிஸ்ரோட்டிலின் கொள்கையும் இதற்கு அரணாகும்.

இருந்தும், இந்நியாயத்தை அளவுக்கு மீறி நீட்டலாகாது. இவ்வாட்டத்தை ஆடுவோர் யாவரும் மனிதரை விலைப்பொருளாகக் காணத் தொடங்கிவிடுவர் எனக் கொள்வதற்கு ஆதாரமில்லை. உண்மையில், பல ஆட்டக்காரர் தாம் வளர்த்த வீரன்மீது பற்றுக்கொண்டு, விற்றால் இலாபம் எனத் தெரிந்தும் வைத்திருப்பர். விற்றபின்பும் அவன் எக்கழகத்தில் ஆடுகிறான் எனத் தேடிப் பார்ப்பர். வெறும் எண்களின் தொகுதிக்காக எவரும் அவ்வாறு செய்வதில்லை. எனவே ஆட்டத்தின் தீமை அது நம்மைக் கொடியவராக்குகிறது என்பதன்று. அது காட்டும் உலகம் ஓரிடத்திற் குறைபட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அக்குறை யாது என்பதை அறிய மெய்யான உதைபந்தாட்டத்தை நோக்குதல் வேண்டும்.

பெல்ஜிய வீரர் ஜோன் மார்க் பொஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு, ஒப்பந்தம் முடிவுற்ற வீரரை ஐரோப்பிய ஒன்றியத்தினுள் கழகங்கள் விலைகூறித் தடுத்துவைக்க இயலாதவாறு செய்தது. வீரரின் சுதந்திரத்துக்கு அது பெருவெற்றி. ஆனால் சிறுவரை நெடுங்காலம் பயிற்றிய சிறிய கழகங்கள் கைம்மாறின்றி அவரை இழக்கும் நிலையும் தோன்றிற்று. 2001 இல் பீபா நிறுவனம் வகுத்த விதிகள் இதற்குப் பரிகாரந் தேடின. ஒப்பந்தக் காலத்தினுள் நாடு விட்டு நாடு மாறும் வீரரின் மாற்றுத்தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றிய கழகங்களிடையே பகிரப்படல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஹற்றிக் ஆட்டத்திலும் வீரனின் தாய்க்கழகத்துக்கு விற்பனைப் பணத்திற் சிறுபங்கு கிடைப்பதைக் காணலாம்.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது ஒலிவியர் பேர்னாட் வழக்கு. பிரான்சின் லியோன் கழகத்திற் பயின்ற இவர், அங்கு ஒப்பந்தஞ் செய்ய மறுத்து இங்கிலாந்தின் நியூகாசில் கழகத்திற் சேர்ந்தார். 2010 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், இளையோரைப் பயிற்றிய கழகம் இழப்பீடு பெறுதல் நியாயமே. ஆயின் அது பயிற்சிக்கான மெய்யான செலவோடு தொடர்புடையதாதல் வேண்டும் எனத் தீர்த்தது. இத்தீர்ப்பினுள் ஆழ்ந்த அறவியல் வேறுபாடொன்று அடங்கியுள்ளது. வளர்த்தவர் செலவிட்டதைக் கோரலாம். வளர்ந்தவரின் பெறுமதியைக் கோரலாகாது. செலவு வளர்த்தவருக்குரியது, பெறுமதி வளர்ந்தவருக்கே உரியது. கணினி ஆட்டம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அங்கு வீரனின் பெறுமதி முழுவதும் உரிமையாளரின் சொத்து. தொழிலாளியின் உழைப்புச் சக்தி பண்டமாவதை மாக்ஸ் விளக்கினார்; இங்கோ உழைப்பவனே பண்டமாகிறான். ஒப்பந்தம் முடிவதும் அவன் மறுத்துச் செல்வதும் அவ்வுலகில் இல்லை.

அவ்வாறாயின் கழகத்தின் கணக்கைப் புறக்கணித்து வீரரை மாத்திரம் எண்ணுதல் அறமாகுமா? அதுவுமன்று. லீட்ஸ் யுனைற்றட் கழகத்தின் வரலாறு இதற்குச் சான்று. எதிர்கால நுழைவுச்சீட்டு வருமானத்தை ஈடாக வைத்துக் கடன்பெற்று வீரரை வாங்கிய அக்கழகம், 2001 இல் ஐரோப்பிய சாம்பியன் கிண்ணத்தின் அரையிறுதியை எட்டியது. 2004 இல் இங்கிலாந்தின் முதன்மைப் பிரிவிலிருந்து வீழ்ந்தது. 2007 இல் கடன்தீர் நிர்வாகத்தின்கீழ் வந்தது. 2004 இல் அது விற்றவற்றுள் மைதானமும் பயிற்சிக்களமும் அடங்கும். அவ்வாண்டு கோடையில், லீட்ஸ் நகரிற் பிறந்து அக்கழகத்திலேயே பயின்ற பதினெட்டு வயது ஜேம்ஸ் மில்னரும் விற்கப்பட்டார். மூத்தோரின் பேராசைக் கடனை இளையோர் அடைக்க நேர்ந்தது எனலாம். சிக்கனம் வெறுங் கணக்கறிவன்று. பின்வருவோருக்குச் செய்யும் நீதியுமாகும். இவ்வுண்மையைக் கணினி ஆட்டம் செம்மையாகவே கற்பிக்கிறது. வாரத்துக்கு வாரம் பற்றாக்குறை பெருகக் கண்டவர், கடனில் வாங்கிய வெற்றி யாருடைய பணம் என்பதை உணர்வர்.

ஆகவே, நாம் எதிர்கொள்ளும் சிக்கல் உண்மையானதே. கடன்படாத சிறிய கழகம் தான் வளர்த்தவரை விற்றே வாழ வேண்டும். விற்காது வைத்திருக்க முனைந்தாற் கடன்பட வேண்டும். இவ்விரண்டுக்குமிடையில் விற்பதை முற்றாகக் கண்டிப்பது எளிதேயன்றி நேர்மையாகாது. கேட்கத்தக்க வினா வேறு: விற்கப்படுபவர் அம்மாற்றத்துக்கு உடன்பட்டாரா? விற்கப்படத் தகுதி பெறாதவர் என்ன ஆனார்?

இரண்டாம் வினாவே கடினமானது. பயிற்சிக்கூடத்திற் சேரும் சிறுவருட் பெரும்பாலோர் தொழில்முறை வீரராவதில்லை. ஆட்டத்திலே தேறாதவனை ஓர் அழுத்தலில் நீக்கிவிடலாம். அவன் எங்குஞ் செல்வதில்லை. மெய்யுலகில் அவன் பதினாறு, பதினெட்டு வயதில் வீடு திரும்புகிறான். உதைபந்தன்றி வேறெதனையுங் கல்லாது திரும்பினால், அவன் இளமை பிறரது வாய்ப்புக்காகச் செலவிடப்பட்டதாகும். கல்வியும் தொழிலறிவும் நட்பும் பெற்றுத் திரும்பினால், விலைபோகாவிடினும் அவன் வளர்க்கப்பட்டவனே. வளர்ப்பு உண்மையானதா என்பதை வெற்றியாளனைக் கொண்டன்றி நீக்கப்பட்டவனைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

திருக்குறளில் ஆளைத் தேர்தல் பற்றிய 'தெரிந்துதெளிதல்' 51 ஆம் அதிகாரமாகவும், தேர்ந்தவரைப் பணியில் அமர்த்தல் பற்றிய 'தெரிந்துவினையாடல்' 52 ஆம் அதிகாரமாகவும் அமைய, 53 ஆம் அதிகாரமாக வருவது 'சுற்றந்தழால்'. தேர்தலும் பயன்கொள்ளலும் கூறியபின் தன்னைச் சார்ந்தோரைத் தழுவிக்கொள்ளல் கூறப்படும் இவ்வைப்புமுறை சிந்தனைக்குரியது. கணினி ஆட்டம் முதலிரண்டையும் நுட்பமாகப் பயிற்றுவிக்கிறது. மூன்றாவதற்கு அதன் கணக்கேட்டில் நிரல் இல்லை.

இக்குறைக்காக ஆட்டத்தை விலக்க வேண்டியதில்லை. நாம் அஞ்ச வேண்டியது, அந்நிரல் இல்லாத கணக்கேட்டை மெய்யான நிறுவனங்கள் தமக்கு முன்மாதிரியாகக் கொள்வதையே. உதைபந்தாட்டக் கழகம் மட்டுமன்றி, இளையோரைத் தேர்ந்து, பயிற்றி, தரப்படுத்தி, தேறாதோரை நீக்கும் எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும். பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்றே.