விலை உயர்ந்த கம்பி

அன்பினால் செய்த தவறும் தவறுதானா? போன மாதம் முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெண்ணின் கித்தாரில் நைலான் தந்திகள். மெல்லிய ஓசை, எனக்குத்தான் திருப்தி இல்லை. கடைக்காரர், "எந்த மாதிரிக் கித்தாருக்கு, ஸார்?" என்று கேட்டார். "இருப்பதிலேயே உயர்ந்ததாகக் கொடுங்கள்" என்றேன். கேள்விக்குப் பதிலாகப் பணத்தை நீட்டுவது நம் வழக்கமல்லவா? வெண்கலம் சுற்றிய எஃகுக் கம்பிகளைக் கொடுத்தார். நானே மாட்டினேன்.

நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. எஃகுக் கம்பிகள் இழுப்பதோ 70 கிலோவுக்கு மேல். அந்த மெல்லிய பலகை என்ன செய்யும்? மூன்றாம் நாள் இரவு, வீணையில் குதிரை என்கிறோமே, அந்தக் கட்டை படீரென்று பெயர்ந்துவிட்டது.

மின்சாரக் கித்தாரென்றால் நியாயமே வேறு. அங்கே கேட்பது காந்தம். எஃகும் நிக்கலும் அதற்குக் கேட்கும். வெண்கலச் சுற்று அதன் காதில் விழாது. ஆக, உயர்ந்த கம்பி என்று தனியாக ஒன்று கிடையாது.

கடைக்காரரிடம் சண்டை போடக் கிளம்பினேன். பாதி வழியில் அவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது, திரும்பிவிட்டேன். அன்புதான் காரணம் என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். அந்த அன்பு ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்லவில்லையே!

பெண் கோபிக்கவில்லை. "பழைய தந்தியே எனக்குப் பிடிச்சிருந்தது, அப்பா" என்றாள், பெயர்ந்த கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டே.