இருட்டாவது தன்னைக் காட்டும்

உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய திருவருட்பயனில் ஒரு நுட்பம் உண்டு: இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டிக்கொள்ளும், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலமோ தன்னையும் காட்டாது, பிறவற்றையும் காட்டாது. கரண்டு போகும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை தீபகற்ப மலேசியா முழுக்க இருண்டது. பேராக் மாநிலத்தின் கோப்பெங்கில் எங்கள் சாமி மேடையிலிருந்த குத்துவிளக்கை அம்மா நகர்த்த விடவில்லை. திரியைத் தூண்டிவிட்டு, “வெளிச்சம் வேணும்னா நீங்க இங்க வாங்க” என்றார். தோட்டத்து லயத்தில், மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்தவர். அதே மாநிலத்தின் செண்டரோ அணை 1930இலேயே மின்சாரம் தந்தது; அது போனது கிந்தாவின் ஈயச் சுரங்கங்களுக்கு. லயத்துக்கு வர எத்தனை காலம்! அதை வினைப்பயன் என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வராது.

கண்ணுக்குப் பார்வை இருந்தாலும் ஒளியின் துணை வேண்டும். உயிருக்கு அருள் அப்படித்தான் என்கிறது சைவ சித்தாந்தம். இன்று இணைய லைன் அறுந்தால் பிள்ளைகள் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பை நான் குறை சொல்லமாட்டேன். எதையோ சார்ந்துதான் இருக்கிறோம் என்று உயிருக்கு உறைக்கிற நேரம் அது. லைன் வந்ததும் அந்த அறிவு எங்கே போய்விடுகிறது?