இல்பொருளை எழுதுதல் பொய்யாகுமா?

பல்லாண்டுகளின் முன் எம்மிடம் கற்ற சிறுவனொருவன் சிறகுடைய பாம்பொன்றைத் தன் கொப்பியில் எழுதிவந்து காட்டினான். "உலகில் இல்லாததை எழுதுவது பொய், அழித்துவிடு" என்றோம். அழித்தான். அதன்பின் கரும்பலகையில் உள்ளதையன்றி வேறொன்றும் அவன் எழுதினானல்லன். மேல்வகுப்பிலே இல்பொருளுவமையை மகிழ்ந்து கற்பிக்கும் யாம், கவிக்கு உடன்பட்டதனைச் சிறுவனுக்கு மறுத்தமை நீதியாமோ?

பொய்யென்பது, பிறர் மெய்யென நம்பி ஏமாறும்படி அல்லதனை உணர்த்துதலாம். ஏமாற்றும் கருத்து இல்லாதவழிப் பொய்யும் இல்லை. ஆயினும், பொய்யன்று என்னும் அளவிலே கற்பனை சிறப்புடையதாகாது. அதற்கும் ஓர் உண்மை வேண்டும். அது யாதென்பதை இத்தாலி தேசத்து ஓவியர் லெயோனார்டோ டா வின்சி (1452–1519) வரலாறு காட்டும்.

அவர் இளைஞராயிருந்தபொழுது, குடியானவனொருவன் அத்திமரக் கேடயமொன்றைச் சித்திரம் எழுதுவிக்கும்படி அவர் தந்தையாரிடம் கொடுத்தான் என்று, ஓவியர் சரித்திரம் எழுதிய வசாரி (1511–1574) கூறுவர். லெயோனார்டோ அதன் கோணலைத் தீயிற் காட்டி நிமிர்த்து, மெழுகி ஒப்பமாக்கினார். பின்பு பல்லி, பாம்பு, வௌவால், வெட்டுக்கிளி முதலியவற்றைத் தம் அறையிற் சேர்த்து, அவற்றின் உறுப்புக்களை நோக்கி நோக்கி, இருண்ட பாறைப்பிளவினின்றும் நஞ்சும் தீயும் புகையும் கக்கி வெளிப்படும் கொடுவிலங்கொன்றை எழுதினார். இறந்த உயிர்களின் நாற்றமும் அவருக்குத் தோன்றவில்லையாம். மங்கிய ஒளியில் அதனைத் திடீரெனக் கண்ட தந்தையார் நடுங்கிப் பின்வாங்கினார்.

கற்பனை விலங்கு இயல்பாய்த் தோன்றவேண்டின், அதன் ஒவ்வோர் உறுப்பும் உள்ள விலங்கொன்றின் உறுப்பை ஒத்திருத்தல்வேண்டும் என்பது லெயோனார்டோ தம் குறிப்புக்களில் எழுதிய விதி. நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் செவி, சிங்கத்தின் புருவம், ஆமையின் கழுத்து என அவரே எடுத்துக்காட்டுவர். முழுமை இல்பொருள், உறுப்புக்களோ உள்பொருள். உள்ளதனை உற்றுநோக்காதவன் இல்லதனை எழுதமாட்டான் என்பது இதனாற் பெறப்படும். அவ்வுற்றுநோக்கலே கற்பனையின் உண்மையாம்.

இனி, இவ்வரலாற்றிலே பொய் எங்குளது? தந்தையார் அம்பு தைத்த இதயம் எழுதிய வேறொரு கேடயத்தை வாங்கிக் குடியானவனுக்குக் கொடுத்தார். அவன் வாழ்நாள் முழுதும் நன்றி பாராட்டினான். மகன் எழுதியதை அவர் மறைவாக வணிகருக்கு 100 பொற்காசுக்கு விற்றார். அவர்கள் அதனை மிலான் நகரப் பிரபுவுக்கு 300க்கு விற்றனர். இதயமும் அம்பும் உலகில் உள்ளனவே. ஆயினும் பொய்க்குத் துணைநின்றது உள்பொருள் எழுதிய அக்கேடயமன்றோ! எழுதப்பட்ட பொருள் உளதா இலதா என்பதில் மெய்யும் பொய்யும் இல்லை. அதனைக்கொண்டு பிறரை ஏமாற்றுதலும் ஏமாற்றாமையுமே அவற்றைப் பிரிக்கும்.

ஆகலின், உபாத்தியாயர்களே, பிள்ளை புதுவிலங்கொன்றை எழுதிவரின், "இஃது உலகில் உண்டோ?" என்று வினவற்க. "இச்சிறகு வௌவாலினதோ, பறவையினதோ? அதனை எங்கே கண்டாய்?" என்று வினவுக. கண்டு எழுதியவன் மகிழ்ந்து விடைகூறுவான். காணாதவன் காணச் செல்வான். இரண்டும் கல்வியே.

அழிக்கப்பட்ட அப்பாம்பின் செதில்கள் வரிசை பிறழாமல் அமைந்திருந்தமை இன்றும் எம் நினைவிலுள்ளது. அச்சிறுவன் பாம்பை உற்றுநோக்கியிருந்தான். யாமே அவனை உற்றுநோக்கினோமில்லை.