அச்சமும் அபயதானமும்



மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் சில குடும்பங்களாகச் சென்றிருந்தோம். செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் திருமேனியை வணங்கி இறங்கித் தாமரைக் குளக்கரையில் அமர்ந்திருந்தபோது, உடன் வந்த உறவினர் மகன் என்னருகே வந்தார். "மாமா, அன்று இரவு அப்பாவை வீட்டிலேயே வைத்திருந்தோமே, அது இம்சையில் சேருமா?" என்று கேட்டார். உடனே நான் ஏதேனும் கூறியிருந்தால் அஃது ஆறுதலாக இருந்திருக்குமேயன்றி விடையாக இருந்திராது.

அவர் குறிப்பிட்ட இரவு 2020 சூன் இறுதியில் வந்தது. அவ்வாண்டு மார்ச்சு 25 அன்று தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதும் அன்றே. சித்திரைத் திருவிழா நின்றது. அழகர் வைகையில் இறங்கவில்லை. சூன் 24 முதல் மாநகராட்சியிலும், பரவையிலும், கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்து சூலை நடுப்பகுதிவரை நீண்டது. எனினும் மருத்துவத்திற்குத் தடையில்லை. 108 ஊர்தியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பெரியவருக்கு மார்பில் இறுக்கம், வியர்வை, இடத்தோளில் வலி. வாயுவென்று எண்ணி ஓமநீர் கொடுத்தனர். ஊர்தியை அழைக்கலாம் என்றார் மகன். "ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டேன், முகத்தைக்கூட உங்களுக்குக் காட்ட மாட்டார்கள்" என்றார் தந்தை. மகன் வற்புறுத்தவில்லை. விடியுமுன் உயிர் பிரிந்தது.

இவ்வாறு வீட்டிலேயே தங்கியவர் இவர் ஒருவரல்லர். இந்திய இதயவியல் கழகத்தார் நாடெங்கும் 187 மருத்துவமனைகளின் கணக்கை ஆராய்ந்தனர். 2020 மார்ச்சு நடுவிலிருந்து சூன் நடுவரையில் மாரடைப்பால் சேர்க்கப்பட்டோர் தொகை, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. இங்கிலாந்திலோ வாரத்திற்கு ஏறத்தாழ 3,000 பேர் வந்த நிலை மாறி, மார்ச்சு இறுதியில் 1,800 பேராயிற்று. நோயே குறைந்தது, அலைச்சலும் புகையும் இல்லாமையால் இதயங்கள் ஓய்வுற்றன என்றார் சிலர். சிறிது உண்மை இருக்கலாம். ஆயினும் பல நாடுகளில், வந்தவர்கள் வழக்கத்தைவிடக் காலம் தாழ்த்தியே வந்தனர். நோய் மட்டுமே குறைந்திருந்தால் வந்தோர் ஏன் தாமதிக்க வேண்டும்?

மாரடைப்பில் காலமே மருந்து. இதயத்திற்குக் குருதி கொணரும் நாளத்தைக் கட்டி அடைத்த அரைமணி நேரத்திற்குள் தசை மடியத் தொடங்குகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில் தரும் பயனைப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தருவதில்லை. நீரிழிவு உள்ளோர்க்கும் முதியோர்க்கும் வலியே இல்லாமலும் வரும். பெண்களிடம் வெறும் களைப்பாகவும் தோன்றும்.

இனி அறத்தின் பக்கம் வருவோம். தந்தை தாமே இறப்பை ஏற்றார், அது ஒருவகைச் சல்லேகனைதானே என்று அன்று ஒருவர் கூறினார். அது பிழை. தீர்க்க இயலாத இடர், நோய், மூப்பு ஆகியவற்றிற்கே இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் அந்நோன்பை விதிக்கின்றன. 'தீர்க்க இயலாத' என்னும் சொல்லில்தான் அதன் உயிர் இருக்கிறது. மாரடைப்புக்குத் தீர்வு உண்டு. மேலும் சல்லேகனை அச்சம் நீங்கியவர் ஏற்பது. அந்த முதியவரோ அச்சத்தால் அங்கே இருந்தார்.

மருந்தை மறுப்பது துறவென்று நம் முன்னோர் எண்ணினாரில்லை. மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணாக்கர் இருவர், காரியாசானும் கணிமேதாவியாரும், தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துகளின் பெயரையே இட்டனர்.

மகன் செய்தது இம்சையா? சோர்வோடு கூடிய செயலால் உயிர்க்குக் கேடு வருதலே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். அவரிடம் வெறுப்பில்லை, சோர்வும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தந்தை சொல்லை மீறக் கூடாதென்னும் பணிவு இருந்தது. அப்பணிவு அந்த இரவில் தவறான இடத்தில் நின்றது என்பேன். அதற்குமேல் அவர்மீது சுமத்த எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? நான்கு தானங்களுள் ஔடததானத்தை எளிதில் செய்துவிடுகிறோம். பணம் இருந்தால் போதும். அபயதானமோ வாயால் செய்வது. அந்நாட்களில் மருத்துவமனைகளைப் பற்றி உண்மையும் பொய்யும் கலந்து வந்த செய்திகளை நானும் கைப்பேசியில் உறவினர் குழுவுக்கு அனுப்பினேன். எச்சரிக்கை செய்கிறோம் என்றே நினைத்தேன். அக்குழுவில் அப்பெரியவரும் இருந்தார்.

2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அங்கும் நோயாளி வீட்டுப் படியிறங்கி வந்தாக வேண்டும்.

குளக்கரையில் இவற்றை என்னால் இயன்றவரை அவரிடம் கூறினேன். நான் அனுப்பிய செய்தியைப் பற்றியும் மறைக்காமல் கூறினேன். சிறிது நேரம் தாமரை இலைகளைப் பார்த்திருந்தார். "அந்தச் செய்தியை அப்பா எனக்கும் காட்டினார், மாமா" என்றார்.