நிற்காமல் போனவருக்கு உரிமம் எதற்கு?

வண்டி ஓட்டுகிற யாருக்கும் விபத்து நேரலாம். இருட்டில் சாலையைக் கடப்பவர் கண்ணில் படாமல் போகலாம். ஈரத் தாரில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் போகலாம். அந்தக் கணத்தில் அலட்சியம் எவ்வளவு, கெட்ட நேரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது நீதிமன்றத்துக்கே சிரமம். மோதிய பிறகு நடப்பதில் அந்தச் சிரமம் கிடையாது. ஓர் உயிர் சாலையில் கிடக்கிறது என்று தெரிந்தே ஆக்சிலரேட்டரை மிதிப்பது ஓட்டுநர் எடுக்கும் முடிவு. மோதியதையும் ஓடியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ஓடியவரின் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்வது நியாயமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் விவாதம் திசைமாறிப் போகிறது.

புறவழிச்சாலையில் விடியற்காலை இப்படி ஒரு விபத்து நடந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெளிந்த சைக்கிள், தனியாகக் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, உடைந்த இண்டிகேட்டரின் ஆரஞ்சு நிறச் சில்லுகள். காவலர் அந்தச் சில்லுகளைப் பொறுக்கி ஒரு உறையில் போடுகிறார். அது எந்த வண்டியின் விளக்கு, எந்தச் சுங்கச்சாவடி கேமராவில் அந்த வண்டி பதிவாகியிருக்கிறது என்று தேடல் அங்கிருந்து தொடங்கும். அதற்குள் எங்கோ ஒரு டிங்கரிங் பட்டறையில் பம்பர் மாற்றும் வேலை முடிந்திருக்கலாம். கிடந்தவர் அரை மணி நேரம் உயிரோடு இருந்தாரா என்பதற்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. 108க்கு யாராவது ஓர் அழைப்பு விடுத்தால்தான் அந்தத் திட்டம் அவரை எட்டும்.

இவை எங்கோ அபூர்வமாக நடப்பவை அல்ல. 2022இல் மட்டும் இந்தியாவில் 67,387 விபத்துகளில் மோதிய வண்டி நிற்காமல் போயிருக்கிறது. இறந்தவர்கள் 30,486 பேர். இது மத்திய அரசின் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? விபத்து நடந்தால் அடிபட்டவரை அருகிலுள்ள மருத்துவரிடம் சேர்க்க வேண்டும், தாமதமானாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு. இதை மீறிய குற்றம் உறுதியானால் நீதிமன்றம் அவரை வண்டி ஓட்டத் தகுதியற்றவராக அறிவித்தே ஆக வேண்டும் என்கிறது 20ஆவது பிரிவு. குறைந்தபட்சக் காலம் ஒரு மாதம். அதே பிரிவில், குடித்துவிட்டு ஓட்டியவருக்குக் குறைந்தபட்சம் ஆறு மாதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியவர் ஒருவர்மீது மோதுகிறார். அங்கேயே நின்றால் ரத்தப் பரிசோதனை, ஆறு மாதம். ஓடிப்போய்ப் படுத்துத் தூங்கி, போதை தெளிந்து மறுநாள் வக்கீலோடு வந்தால் குடித்ததற்கு ஆதாரமே இருக்காது. மிஞ்சுவது அந்த ஒரு மாதம்தான். நின்றவரைவிட ஓடியவருக்குச் சட்டம் சலுகை காட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. உரிமத்தை ரத்து செய்யச் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே. ஓடுவதால் எந்த லாபமும் கிடைக்கக் கூடாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த உரிம அட்டைதான் சோறு. மோதிய இடத்தில் இறங்கினால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அவர்களின் பயம் கற்பனையும் அல்ல. கும்பலின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாமல் போவதை 134ஆவது பிரிவே விதிவிலக்காக ஏற்கிறது. உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தபோது, 2024 ஜனவரித் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கும் இந்தப் பயமே காரணம். அந்த ஆண்டு ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆனால் அந்த இடத்தை விட்டு நகர்வது வேறு, தப்பிப்பது வேறு. கூட்டத்துக்குப் பயந்தவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய் 108க்குச் சொல்லலாம்; அடுத்த காவல் நிலையத்தில் வண்டியை நிறுத்திச் சரணடையலாம். அப்படிச் செய்தவர் ஓடியவர் ஆகமாட்டார். அவருடைய உரிமத்தில் கை வைப்பது அநியாயம். இந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் லாரி சங்கமும் சொல்லித்தர வேண்டும். கதவு திறந்திருந்தும் நுழையாமல் வண்டியை மறைத்து, பம்பரை மாற்றி, மௌனமாக இருந்தவருக்குப் பிழைப்பைக் காரணம் காட்டும் உரிமை கிடையாது. சாலையில் கிடந்தவருக்கும் பிழைப்பு இருந்தது. அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டியிருந்தது.

பத்தாண்டு சிறை அதிகம் என்று ஓட்டுநர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அதனாலேயே உரிம ரத்து பொருத்தமான தண்டனையாகிறது. எந்தப் பொறுப்பில் ஒருவர் தவறினாரோ அந்தப் பொறுப்பை மட்டும் அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. அவர் வேறு வேலை பார்க்கலாம், குடும்பத்தோடு இருக்கலாம். எல்லாருக்கும் ஆயுள் முழுவதும் ரத்து என்பதை ஏற்க மனம் வரவில்லை. பயந்து ஓடி, மறுநாள் தானாக வந்து ஒப்புக்கொண்ட இருபது வயதுப் பையனுக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி தேர்வு எழுத வாய்ப்புத் தரலாம். ஓர் உயிர் போகக் காரணமாகி, ஆதாரத்தையும் அழித்தவருக்கு அந்த வாய்ப்புத் தேவையில்லை.

இன்னொரு அநியாயம் பணக்கார வீடுகளில் நடக்கிறது. மகன் ஓட்டிய காருக்குச் சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர் சரணடைவார். ரத்தாவது அவருடைய உரிமம். 'நிக்காதே, கிளம்பி வா' என்று போனில் சொல்லும் லாரி முதலாளிக்கும் எதுவும் நேர்வதில்லை. ஓட்டுநரின் உரிமத்தோடு, மறைக்க உதவிய உரிமையாளரின் பர்மிட்டையும் வாகனப் பதிவையும் தொடாத தண்டனை ஏழைமீது மட்டும் விழும் தண்டனையாகவே முடியும்.

தண்டனை ஒருபுறம் இருக்க, ஓடிய வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் விதி. கோவை மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கவனித்தபடி, 2022-23இல் அதைக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 205, தீர்க்கப்பட்டவை 95. அப்படி ஒரு தொகை இருப்பதையே பெரும்பாலான குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. 20ஆவது பிரிவில் உள்ள ஒரு மாதத்தை நாடாளுமன்றம் முதலில் திருத்தட்டும். விபத்தைப் பதிவு செய்யும் காவல் நிலையம், இறந்தவர் வீட்டுக்கு அந்த விண்ணப்பத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.